சாவி யாரிடம் இருக்கிறது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் வியாபாரிகளுக்கு இணையதளம் என்ற ஒன்று கிடையாது. இருந்திருந்தால், "இணையதளம் வைத்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள். வீடானாலும் கல்யாணமானாலும், முடிகிற வரையில் உள்ள சிரமந்தான் ஊராருக்குத் தெரியும். கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, ஒழுகும் கூரையையும் துருப்பிடிக்கும் தாழ்ப்பாளையும் பார்த்துக் கொள்ள வேண்டியவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். இணையதளத்தின் கதையும் அதுவே.

உங்களுக்கு ஒரு ஜவுளிக் கடை இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஜவுளி பிடிக்காவிட்டால் பாத்திரக் கடை, ஊறுகாய்த் தொழில், எது வேண்டுமானாலும் இருக்கட்டும். "இந்தக் காலத்தில் இணையதளம் இல்லாமல் கடை நடத்த முடியுமா?" என்று நாலு பேர் சொல்கிறார்கள். உங்கள் அக்காள் மகனுடைய சிநேகிதன், கெட்டிக்காரப் பையன், ஒரு தொகையை வாங்கிக் கொண்டு அழகான தளம் ஒன்றை அமைத்துக் கொடுக்கிறான். முகப்பில் குத்துவிளக்கு எரிகிறது. பட்டுப் புடவைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. உறவினர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் விலாசத்தை அனுப்புகிறீர்கள். "சபாஷ்!" என்று எல்லாரும் பதில் போடுகிறார்கள். அத்துடன் விஷயம் முடிந்தது என்று நீங்கள் கல்லாவுக்குத் திரும்பி விடுகிறீர்கள்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு நாள் காலையில், கோயம்புத்தூரிலிருந்து பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்கிறார். "ஏனுங்க, உங்க தளத்தைத் திறந்தா ரம்மி ஆடக் கூப்பிடுதுங்களே! வியாபாரத்தை மாத்திட்டீங்களா?" என்று கேட்கிறார்.

நீங்கள் பதறிப் போய் அந்தப் பையனைத் தேடுகிறீர்கள். அவன் கடல் கடந்து போய் இரண்டு வருஷம் ஆகிறது. பழைய நம்பர் வேலை செய்யவில்லை. தளத்தின் பாஸ்வேர்ட் என்ன? தெரியாது. தளத்தின் பெயரை எந்தக் கம்பெனியில் பதிவு செய்தான்? தெரியாது. வருஷக் கட்டணம் எப்போது கட்ட வேண்டும்? அதுவும் தெரியாது. கடை உங்களுடையது, சாவி மாத்திரம் எங்கேயோ இருக்கிறது!

இணையதளத்தைப் பராமரிப்பது ஏதோ கம்ப்யூட்டர் சாஸ்திரம் படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் மர்மம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பெரும் பகுதி, 'எந்தக் காரியத்தை, எந்தத் தேதியில், யார் செய்ய வேண்டும்?' என்ற சாதாரணக் கேள்விதான். இந்தக் கேள்வியில் 'யார்' என்பதற்கு விடை இல்லாமல் போனதால், கோடி கோடியாகப் பணம் புரளும் கம்பெனிகளே சந்தி சிரிக்க நின்றிருக்கின்றன. அந்தக் கதைகளில் சிலவற்றைக் கேளுங்கள்.

முப்பத்தைந்து டாலர்

பங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா என்ற இளைஞர், ஜாக் ஸ்மித் என்ற நண்பருடன் சேர்ந்து அமெரிக்காவில் 1996-இல் 'ஹாட்மெயில்' என்ற இலவச மின்னஞ்சலை ஆரம்பித்தார் அல்லவா? அதை 1997-இல் மைக்ரோசாப்ட் கம்பெனி பெரும் விலை கொடுத்து வாங்கியது. ஹாட்மெயிலுக்குள் நுழைய வேண்டுமானால் 'பாஸ்போர்ட் டாட் காம்' என்ற இன்னொரு தளத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தது.

1999-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயம். திடீரென்று பலரால் தங்கள் ஹாட்மெயிலைத் திறக்க முடியவில்லை. விடுமுறை நாளில் வாழ்த்துக் கடிதம் பார்க்க உட்கார்ந்தவர்கள் விழித்தார்கள். காரணம் என்ன தெரியுமா? 'பாஸ்போர்ட் டாட் காம்' என்ற பெயருக்குக் கட்ட வேண்டிய 35 டாலர் கட்டணத்தைக் கட்ட மைக்ரோசாப்ட் மறந்து விட்டது! அமெரிக்காவில் ஒரு புரோகிராமர் இதைக் கண்டுபிடித்தார். தமக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும், தம்முடைய சொந்தக் கிரெடிட் கார்டிலிருந்து 35 டாலரைக் கட்டினார். தளம் உயிர் பெற்றது. உலகத்தின் மிகப் பெரிய பணக்காரக் கம்பெனிகளில் ஒன்றுக்கு ஒரு வழிப்போக்கர் வாடகை கட்டிக் காப்பாற்றிய கதை இது.

'வாடகை' என்று சொன்னேன். அந்த வார்த்தையைக் கவனியுங்கள். தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, 'வாங்கினோம்' என்று நாம் பேசிக் கொள்கிறோம். உண்மையில் அது வாங்கிய மனையல்ல, குத்தகை நிலம். ஒரு வருஷத்துக்கோ சில வருஷங்களுக்கோ பணம் கட்டுகிறோம். தவணை முடிவதற்குள் மறுபடியும் கட்டினால் பெயர் நம்முடையது.

கட்டாவிட்டால்? 'டாட் காம்' பெயர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. தவணை முடிந்ததும் பதிவுக் கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை கருணைக் காலம் கிடைக்கலாம். அதற்குள் சாதாரணக் கட்டணத்தில் புதுப்பித்துக் கொள்ளலாம். அதுவும் தாண்டினால் இன்னும் 30 நாள். இப்போது மீட்க வேண்டுமானால் கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாள் எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் சந்தைக்கு வந்து விடுகிறது. இப்படிக் கீழே விழும் பெயர்களைக் கொத்திக் கொண்டு போவதற்கென்றே கழுகுகள் காத்திருக்கின்றன. உங்கள் பில்லிலும் கைப்பையிலும் அச்சடித்து ஊரெல்லாம் பரப்பிய விலாசத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். அங்கே சூதாட்டக் கடை விரித்தால் அவர்களுக்கு விளம்பரச் செலவே இல்லை. கோயம்புத்தூர்க்காரர் பார்த்த ரம்மி இந்த வழியிலும் வந்திருக்கலாம்.

இத்தனைக்கும், தவணை முடியப் போகிறது என்று பதிவுக் கம்பெனி முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புகிறது. ஆனால் யாருக்கு? பதிவு செய்த அன்றைக்கு யாருடைய மின்னஞ்சல் விலாசம் கொடுக்கப்பட்டதோ அவருக்கு. தளம் அமைத்த பையனின் விலாசம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதம் அவனைத் தேடிக் கொண்டு போகும், உங்களைத் தேடி வராது. ஆகவே பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்து கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "உங்கள் டொமைன் நாளை போய்விடும், உடனே இங்கே பணம் கட்டுங்கள்" என்று போலிக் கடிதங்களும் வரும். கடிதத்தில் உள்ள இணைப்பைத் தொடாமல், பதிவுக் கம்பெனியின் தளத்துக்கு நீங்களே போய்த் தேதியைப் பார்த்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பூட்டுக்கும் காலாவதி உண்டு

பெயருக்குத் தவணை இருப்பது போலவே பூட்டுக்கும் உண்டு. ஒரு தளத்தின் விலாசத்துக்கு முன்னால் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று இருந்தால், வாடிக்கைக்காரர் அங்கே தட்டும் விஷயங்கள் நடுவழியில் யாரும் படிக்க முடியாதபடி மூடி முத்திரையிட்டுப் போகின்றன என்று அர்த்தம். அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் காலாவதியாகி விட்டால், தளத்தைத் திறப்பவருக்கு உங்கள் புடவைக்குப் பதிலாக, 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற பயமுறுத்தல்தான் முதலில் தெரியும். பத்துப் பேரில் எத்தனை பேர் அதைத் தாண்டி உள்ளே வருவார்கள்? கடை வாசலில் போலீஸ் நின்றால் எத்தனை பேர் உள்ளே நுழைவார்களோ, அத்தனை பேர்தான்.

சான்றிதழின் ஆயுளும் வர வரக் குறைந்து கொண்டே போகிறது. 2020 செப்டம்பர் முதல் அதன் உச்ச வரம்பு 398 நாளாக இருந்தது. 2025 ஏப்ரலில், சான்றிதழ் கொடுப்பவர்களும் பிரவுசர் தயாரிப்பவர்களும் கூடி ஒரு முடிவு செய்தார்கள். அதன்படி 2026 மார்ச் 15 முதல் வரம்பு 200 நாள். 2027 மார்ச்சிலிருந்து 100 நாள். 2029 மார்ச்சிலிருந்து 47 நாள். காலண்டரில் குறித்து வைத்துக் கையால் புதுப்பிக்கிற காலம் மலையேறுகிறது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற ஸ்தாபனம் 2015-இலிருந்து இலவசமாகவே சான்றிதழ் கொடுத்து வருகிறது; தானாகவே புதுப்பித்துக் கொள்ளவும் வழி இருக்கிறது. உங்கள் தளத்தைக் கவனிப்பவரிடம், "சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கிறதா? புதுப்பிக்கத் தவறினால் யாருக்குத் தகவல் வரும்?" என்று கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஏன் என்பதற்கு அடுத்த கதையே சாட்சி.

400 பேருக்குப் போன கடிதம்

அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் 'ஈக்விபாக்ஸ்' என்ற கம்பெனி இருக்கிறது. 1899-இல் ஆரம்பித்தது. யார் கடன் வாங்கினார்கள், ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார்களா என்று ஜனங்களின் நாணயத்தைக் கணக்கெடுத்து வைத்துக் கொண்டு பாங்குகளுக்குச் சொல்வது அதன் தொழில். கோடிக்கணக்கானவர்களின் பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் அதன் பெட்டகத்தில் இருந்தன.

இந்தக் கம்பெனியின் ஒரு தளம் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளைக் கொண்டு கட்டப்பட்டது. 2017 மார்ச் 7-ஆம் தேதி அந்த மென்பொருளில் ஒரு குறை இருப்பதாக அறிவிப்பு வந்தது. வாசலில் நிற்கிற அன்னியன் போடும் உத்தரவை, எஜமானர் உத்தரவு என்று நம்பி வீட்டு வேலைக்காரன் நிறைவேற்றி விட்டால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட குறை. அறிவிப்புடன் கூடவே குறையைச் சரிசெய்யும் புதிய பதிப்பும் வெளியாயிற்று. காசு செலவில்லை, போட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

ஈக்விபாக்ஸ் தூங்கிவிட்டதா? அதுதான் இல்லை! 9-ஆம் தேதியே, "48 மணி நேரத்துக்குள் இதைச் சரி செய்யுங்கள்" என்று கம்பெனிக்குள் 400 பேருக்கு மேல் கடிதம் போயிற்று. ஆனால் அந்தத் தளத்தில் அந்த மென்பொருள் இருப்பதை அறிந்த ஊழியருடைய பெயர் அந்த 400 பேர் பட்டியலில் இல்லை! அவருடைய மேலதிகாரிக்குக் கடிதம் வந்தது. அவர் அதைக் கீழே அனுப்பவில்லை. அமெரிக்க செனட் சபையின் குழு பிற்பாடு விசாரித்துக் கண்டறிந்த விஷயம் இது. எல்லாருக்கும் சொன்ன காரியம், ஒருவருக்கும் சொல்லாத காரியமாகப் போயிற்று.

மே மாதம் நடுவில் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். 76 நாள் நிதானமாக இருந்து அள்ளினார்கள். காவல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மூடி முத்திரையிட்டுப் போகும் தகவல்களைத் திறந்து பார்த்துச் சோதிக்க ஒரு சாதனம் வைத்திருந்தார்கள். அந்தச் சாதனத்துக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும். அது பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகி விட்டிருந்தது. புதுப்பிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காவல்காரன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். கண்ணைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜூலை 29-ஆம் தேதி ஒருவழியாகப் புதிய சான்றிதழ் போட்டார்கள். போட்டதுமே திருட்டு கண்ணில் பட்டது!

அதற்குள் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் போய் விட்டன. கம்பெனியின் தலைவர் பதவியை விட்டுப் போனார். 2019-இல் செய்து கொண்ட சமரசத்தில் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக் கொள்ள வேண்டி வந்தது.

பணத்தை விடுங்கள். பறிபோன விவரங்களுக்குச் சொந்தக்காரர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனியின் வாசற்படியை மிதித்ததே இல்லை. அவர்கள் பெயரும் பிறந்த தேதியும் அவர்களைக் கேட்காமலே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. ஒருவர் மறந்தார், அதன் பலனைச் சம்பந்தமில்லாத குடும்பங்கள் அனுபவித்தன. உங்கள் கடையில் புடவை வாங்குகிற அம்மாள் போன் நம்பரும் விலாசமும் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவரும் உங்களை நம்பித்தான் கொடுக்கிறார். நம் நாட்டிலும் 2023-இல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காப்பாற்றத் தகுந்த ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் வைத்திருக்கிறது.

"என் கடையில் என்ன இருக்கிறது?"

"அது பெரிய கம்பெனி. அங்கே பொக்கிஷம் இருந்தது, திருடன் வந்தான். என்னிடம் நாலு புடவைப் படம்தானே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் காலத்துத் திருடன் வீடு வீடாக நோட்டம் பார்த்து வருகிறவன் அல்ல. அவனுடைய இயந்திரம் லட்சக்கணக்கான தளங்களின் கதவுகளை ஒரே மூச்சில் தள்ளிப் பார்க்கிறது. எந்தக் கதவு திறக்கிறதோ அதற்குள் புகுந்து கொள்கிறது. அது ஜவுளிக் கடையா, பள்ளிக்கூடமா என்று பார்ப்பதே இல்லை. உங்கள் பொருள் அவனுக்கு வேண்டாம். உங்கள் திண்ணை போதும். அங்கே உட்கார்ந்து கொண்டு போலி பாங்குப் பக்கம் வைப்பான். உங்கள் விலாசத்திலிருந்து ஊருக்கெல்லாம் மோசடிக் கடிதம் போடுவான். பிறகு கூகுள் உங்கள் தளத்தின் மேல் சிவப்பாக எச்சரிக்கைப் பலகை மாட்டும். கெட்ட பெயர் யாருக்கு?

இதில் விசித்திரமான அம்சம் ஒன்று உண்டு. குறையைச் சரிசெய்யும் அப்டேட் வெளியாகும்போது, 'இந்த இடத்தில் ஓட்டை இருந்தது' என்று அதுவே திருடனுக்கும் வழி காட்டி விடுகிறது. நல்லவர்கள் அதைப் படித்துக் கதவை அடைக்கிறார்கள். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு, இன்னும் அடைக்காத வீடுகளைத் தேடிக் கிளம்புகிறார்கள். 2014 அக்டோபர் 15-ஆம் தேதி 'துருப்பல்' என்ற மென்பொருளுக்கு இப்படி ஓர் அப்டேட் வந்தது. அறிவிப்பு வெளியான 7 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுக் கொள்ளாத தளங்கள், தங்களுக்குள் திருடன் புகுந்து விட்டதாகவே எண்ணிக் கொள்ள வேண்டும் என்று அதைத் தயாரித்தவர்களே சொன்னார்கள். ஏழு நாள் அல்ல, ஏழு மணி! இன்று உலகத்துத் தளங்களில் பத்துக்கு நாலுக்கு மேல் 'வேர்ட்பிரஸ்' என்ற மென்பொருளில் நடப்பவை. அதிலும் 2017 ஜனவரி 26-ஆம் தேதி ஒரு குறைக்கு மருந்து வந்தது. குறை இன்னதென்று பிப்ரவரி 1-ஆம் தேதி சொன்னார்கள். அதற்குப் பிறகு சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான பக்கங்களில் போக்கிரிகள் தங்கள் கிறுக்கலை எழுதிவிட்டுப் போனார்கள். தப்பியவர்கள் யார்? தானாக அப்டேட் ஆகும்படி வைத்திருந்தவர்கள்.

"அப்டேட் போட்டால் ஓடுகிற தளமும் நின்று விடுகிறதே!" என்று சிலர் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. 2024 ஜூலை 19-ஆம் தேதி 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்புக் கம்பெனியின் பழுதான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் படுத்துக் கொண்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இதற்குப் பரிகாரம் மருந்தே வேண்டாம் என்று இருப்பதல்ல. மருந்து ஒத்துக் கொள்ளாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்துக் கொண்டு மருந்து சாப்பிடுவதுதான். அந்த வழிக்குப் பெயர் பேக்-அப். அதாவது தளத்தின் நகல்.

ஐந்து நகல் இருந்தும்

நகல் எடுத்து வைத்தால் போதுமா? 'கிட்லாப்' என்ற கம்பெனியைக் கேட்டால் சொல்லும். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைப் பத்திரமாக வைத்துக் கொள்ளும் இடம் அது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு அங்கே ஓர் என்ஜினீயர் ஒரு கோளாறைச் சரி செய்வதற்காக வெகு நேரம் போராடிக் கொண்டிருந்தார். உபயோகமில்லாத ஒரு தொகுப்பை அழிக்க நினைத்தவர், களைப்பில் வேறு கம்ப்யூட்டரில் இருந்த அசல் தொகுப்புக்கே அழிக்கும் கட்டளையைக் கொடுத்து விட்டார். ஓரிரண்டு விநாடிகளில் தவறு தெரிந்து நிறுத்தினார். அந்த ஓரிரண்டு விநாடிக்குள், சுமார் 300 ஜிகாபைட் இருந்த தகவலில் மிஞ்சியது நாலரை!

"போகட்டும், நகல் இருக்கிறதே" என்று தேடினார்கள். நகலுக்கென்று ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒன்று கூட நம்பிக்கையாக வேலை செய்யவில்லை. தினசரி எடுக்க வேண்டிய நகல், மென்பொருள் பதிப்புகள் ஒத்துப் போகாததால் எடுக்கப்படவே இல்லை. 'நகல் எடுக்க முடியவில்லை' என்று எச்சரிக்கும் மின்னஞ்சல் போயிருக்க வேண்டுமே? போயிற்று. ஆனால் அந்தக் கடிதங்களையும் மின்னஞ்சல் ஏற்பாடு சந்தேகத்துக்குரியவை என்று தள்ளி விட்டது. யாரும் பார்க்கவில்லை. கடைசியில், அதே என்ஜினீயர் வேறொரு காரியத்துக்காக 6 மணி நேரத்துக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி கிடைத்ததால் பிழைத்தார்கள். அந்த 6 மணி நேர வேலை திரும்பவில்லை. கிட்லாப்பைப் பாராட்ட வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. நடந்ததை மறைக்காமல், மீட்பு வேலையைக் கூட யூடியூபில் எல்லாரும் பார்க்கும்படி நேரடியாகக் காட்டினார்கள்.

கிராமத்தில் தீயணைக்க மணல் வாளி மாட்டி வைத்திருப்பார்கள். தீப்பிடித்த அன்று எடுத்துப் பார்த்தால் வாளிக்கு அடியே இருக்காது! நகலும் அப்படித்தான். எடுத்தோம் என்பது கணக்கில்லை. அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று ஒரு முறையாவது பார்த்திருக்கிறோமா என்பதுதான் கணக்கு. தளம் இருக்கும் அதே இடத்தில் நகலையும் வைத்தால், இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு பிரதியாவது வேறு இடத்தில், வேறு பாஸ்வேர்டில் இருக்கட்டும்.

சத்தம் போடாத கோளாறுகள்

இதுவரை சொன்னவை எல்லாம் ஊரைக் கூட்டும் விபத்துக்கள். சத்தமே போடாமல் வியாபாரத்தை அரிக்கும் கரையான்களும் உண்டு. 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று தளத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறீர்கள். அதில் எழுதுவது எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது? வேலையை விட்டுப் போன மானேஜரின் விலாசத்துக்கா? கல்யாணத்துக்கு 50 புடவை வேண்டும் என்று எழுதியவர், "பெரிய கடைக்காரர், பதில் போட நேரமில்லை போலிருக்கிறது" என்று வேறு கடைக்குப் போய் விடுவார். உங்களுக்கு நஷ்டம் நேர்ந்ததே தெரியாது.

கடை இடம் மாறியிருக்கும். தளத்தில் பழைய தெரு. போன் நம்பர் மாறியிருக்கும். தளத்தில் பழைய நம்பர். போன தீபாவளித் தள்ளுபடி இந்தத் தீபாவளி வரை தொங்கிக் கொண்டிருக்கும். மேஜைக் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிகிற தளம், கைபேசியில் பணம் கட்டுகிற இடத்தில் வந்து நின்று விடும். இவற்றைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு முறை நீங்களே ஒரு வாடிக்கைக்காரரைப் போல உங்கள் தளத்துக்குப் போய், ஒரு சாமானை வாங்கிப் பாருங்கள். படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். தளத்திலுள்ள நம்பரைப் பார்த்து அதற்கே போன் செய்து பாருங்கள். அரை மணி நேர வேலை.

ஒரு நோட்டுப் புத்தகம்

லிப்டுக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கும் ஏ.எம்.சி. கொடுக்கத் தயங்காதவர்கள், தளத்துக்கு வருஷப் பராமரிப்பு என்றால் மட்டும், "அதுதான் ஓடுகிறதே!" என்கிறார்கள். கொடுங்கள். ஆனால் கொடுத்து விட்டோம் என்று கையைக் கட்டிக் கொண்டு இருந்து விடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இவற்றை எழுதி வையுங்கள்:

தளத்தின் பெயர் எந்தக் கம்பெனியில், யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, தவணை முடியும் தேதி என்ன?

தளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் கம்பெனி எது, அதற்கு அடுத்த கட்டணம் எப்போது?

சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கிறதா, தவறினால் யாருக்குத் தகவல் வரும்?

அப்டேட் போடுகிறவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார்?

நகல் எங்கே இருக்கிறது, அதிலிருந்து தளத்தைக் கடைசியாக எழுப்பிப் பார்த்த தேதி எது?

வேலையை விட்டுப் போனவர்களின் அனுமதியை நீக்கியாகி விட்டதா?

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். 'ஆபீஸ்', 'கம்ப்யூட்டர் பிரிவு', 'எல்லாரும்' என்றெல்லாம் எழுதக் கூடாது. பாஸ்வேர்டை மட்டும் இந்த நோட்டில் எழுதாதீர்கள். அதற்கென்று உள்ள பாஸ்வேர்ட் மானேஜரில் வைத்துக் கொண்டு, அதைத் திறக்கும் வழியை வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் தெரியப்படுத்துங்கள். முதலாளி ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கடை திறக்க வேண்டுமல்லவா?

வருஷா வருஷம் ஆயுத பூஜையன்று கடையிலுள்ள தராசுக்கும் கத்தரிக்கோலுக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறோம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, கழுத்தில் ஒரு முழம் பூவும் சுற்றுகிறோம். ஆயுதத்தை வருஷத்துக்கு ஒரு நாளாவது எடுத்துத் துடைத்துக் கூர் பார்த்து வைக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பண்டிகையை ஏற்படுத்தியவர்களின் எண்ணம். ஆகவே அன்றைக்கு அந்த நோட்டையும் எடுத்துப் பூஜையில் வையுங்கள். மறுநாள் விஜயதசமி. புதுக் காரியம் தொடங்க நல்ல நாள். நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, "தம்பி, உன் வேலை முடிந்ததா?" என்று கேளுங்கள். எந்த வரிக்கு எதிரே பெயர் இல்லையோ, சுண்டலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அங்கே ஒரு பெயரை எழுதி விடுங்கள்.